ஓடையை மறித்த வேலியும் ஒரே ஒரு கேள்வியும்

சூரிய மின்சாரத்தில் நம் மாநிலம் எவ்வளவு முதலீடு செய்கிறது, எந்த மாவட்டத்தில் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதெல்லாம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கையில் போன் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தால் அவள் நடந்ததைத்தான் சொல்வாள். குருவிகுளம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

நம் சங்கத்தின் வேலை சொல்வதற்கு எளிது. தேர்தல் வரும்போது வாக்காளர்களிடம் போய், யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், போடுவதற்கு முன்னால் குளத்தைப் பற்றியும் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் தொகுதியில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ஆளுங்கட்சிக்காரர்கள் என்னை எதிர்க்கட்சி ஆள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுங்கட்சி ஆள் என்றார்கள். ஆட்சி மாறியது. இவர்களும் இடம் மாறிக்கொண்டு அதையே சொன்னார்கள். ஊர்களில் எனக்குப் பெயர் 'கரண்ட் மேடம்'. சூரிய ஒளியைப் பற்றி நான் பேசி முடித்ததும் யாராவது எழுந்து, எங்கள் தெருவில் கம்பம் சாய்ந்து நிற்கிறது, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்பார்கள். குறித்துக்கொள்வேன். நான் மின்வாரியம் இல்லை என்று சொல்லிப் பார்த்த நாட்களும் உண்டு. கம்பம் அப்போதும் சாய்ந்துதான் இருந்தது.

நான் சொல்லும் ஊர் மானாவாரி ஊர். உளுந்து, பாசி, மக்காச்சோளம், மழை ஏமாற்றினால் திருப்பூர். ஊருக்கு ஒரு குளம். அதற்குத் தண்ணீர் கொண்டுவர ஓர் ஓடை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடையைப் பார்த்தால் ஓடை என்று தெரியாது. மழைக்காலத்தில்தான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

நான் சொல்லப்போகும் தேர்தலுக்கு முந்தைய தேர்தலின்போது ரேஷன் கடை முன்னால் நின்று, இந்தக் கரிசலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, சூரிய மின்நிலையம் கொண்டுவருவீர்களா என்று வேட்பாளர்களிடம் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டார்கள். வந்த வேட்பாளர்கள் எல்லோரும் கொண்டுவருவோம் என்றார்கள். இதுவரை வழக்கமாக நடப்பதுதான். வழக்கத்துக்கு மாறாக, மின்நிலையம் வந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

மின்நிலையம் வந்ததில் நல்லதும் இருந்தது. ஐடிஐ படித்துவிட்டு வீட்டில் இருந்த செல்வி என்ற பெண்ணுக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை கிடைத்தது. அவளைப் போல இன்னும் பலருக்கும் கிடைத்தது. ஆனால் கம்பெனி போட்ட வேலி ஓடையின் குறுக்கே போனது. வேலிக்கு அடியில் மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். ஊர் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும் பாதையும் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த மழைக்காலத்தில் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை. மனு கொடுத்தார்கள். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டது.

ஊர் கூடி, இந்தத் தேர்தலைப் புறக்கணிக்கிறோம் என்று ஃப்ளெக்ஸ் வைத்தது. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி. முன்னால் நின்றவர் வேலம்மாள். நாற்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. செம்மறி ஆடுகள் வைத்திருந்தார். சத்தம் போட்டுப் பேச மாட்டார், ஆனால் பேசினால் ஊர் நின்று கேட்கும். கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த செல்வி அவருடைய மகள்தான். ஒரே வீட்டில் அம்மா மின்நிலையத்துக்கு எதிராகக் கொடி கட்டினார், மகள் அந்தக் கொடிக்குக் கீழே குனிந்து மின்நிலையத்துக்கு வேலைக்குப் போனாள். இருவருக்கும் பேச்சு இல்லை. சாப்பாடு எடுத்து வைப்பது மட்டும் நடந்தது.

நான் ஊருக்குள் போனபோது யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வேலம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கேக்கச் சொன்னீய, கேட்டோம். வந்துட்டு. இப்ப இத என்ன செய்யணும்னு எங்க போயி கேக்கணும், அதையும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

மோர் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

அடுத்த சில நாட்களில் மூன்று பேர் என்னைத் தேடினார்கள். இந்த மூன்று பேரையும் நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களையும் இவர்கள் தேடி வருவார்கள். முகம்தான் வேறாக இருக்கும்.

முதலில் சென்னையிலிருந்து நம் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். நல்ல மனிதர். மாநிலம் முழுவதும் சூரிய மின்சாரம் வேண்டும் என்று பேசிவிட்டு ஒரு மின்நிலையத்துக்கு எதிராக நாம் வாயைத் திறந்தால், நாளைக்கு ஒவ்வொரு ஊரிலும் அதையே காட்டி எல்லாவற்றையும் நிறுத்துவார்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. தேர்தல் முடியும்வரை அமைதியாக இருக்கச் சொன்னார்.

இரண்டாவதாக எதிர்க்கட்சி வேட்பாளருக்கு வேலை பார்த்தவர் ஒருவர், மதிய நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தார். சங்கரன்கோவிலில் ஒருவர் பிரியாணியோடு வந்தால் விஷயம் பெரியது என்று பொருள். மின்நிலையத்தையே அப்புறப்படுத்துவோம் என்று அவருடைய வேட்பாளர் மேடையில் அறிவிப்பார், நான் பக்கத்தில் நின்றால் போதும், பேசக்கூட வேண்டாம் என்றார். பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தேன். அலுவலகத்துக்குக் கீழே இருந்த விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் இன்றுவரை என்னிடம் மரியாதையாக இருக்கிறார்கள்.

மூன்றாவது, தேர்தல் வேலையில் இருந்த ஓர் அதிகாரி. ஒரு வாக்குச்சாவடியில் ஒரு வாக்குகூட விழாவிட்டால் அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்திருப்பதாகவும், ஊர் நான் சொன்னால் கேட்கும் என்றும், நான் வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். வருகிறேன் என்றேன்.

அதற்கு முன்னால் வேலியைப் பார்க்கப் போனேன். மின்நிலையத்தின் எஞ்சினியர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர். முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. போன மழையில் ஓடைத் தண்ணீர் வேலி மேட்டில் முட்டித் திரும்பி, பேனல்களுக்கு அடியில் நின்று, இயந்திரங்கள் பல தடவை நின்றுபோயின என்று அவரே சொன்னார்.

"நானும் மேல சொல்லிட்டேனுங்க. ரெண்டு மூணு வரிசைய நகத்தி வெச்சு, அடியில ஒரு பாலம் போட்டா முடிஞ்சுதுங்க. அரசாங்கத்துல இருந்து சொல்லட்டும்ங்கறாங்க."

அந்த அதிகாரியிடம் போய் இதைச் சொன்னேன். தேர்தல் நடத்தை விதி அமலில் இருப்பதால் புதிய திட்டம் எதற்கும் உத்தரவிட முடியாது என்றார். ஓடையில் தண்ணீர் வருவது புதிய திட்டமா என்று கேட்டேன். அதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்றார். சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

பேச்சுவார்த்தை ஊர்ச் சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. அதிகாரி, போலீஸ், எஞ்சினியர், பஞ்சாயத்துத் தலைவரின் கணவர் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். தலைவர் தன் கணவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் இருந்தார். ஊர் முழுக்க வந்திருந்தது. அதிகாரி சுருக்கமாகப் பேசினார். அரசு உங்கள் பக்கம் இருக்கிறது என்றார். பிறகு, எனக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தேர்தல் முடிந்ததும் வேலியை எடுத்துவிடுவார்கள், அதை உங்கள் மேடமே சொல்வார்கள் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். மைக் சூடாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கறுப்புக்கொடியை அப்போதே இறக்கியிருப்பார்கள். அதிகாரிக்கு நிம்மதி, செயலாளருக்கு நிம்மதி, நானும் வாக்குப்பதிவுக்கு வழிசெய்தவள் என்று பெயர் வாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். என்னைத் தடுத்தது கொள்கை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், மூன்றாம் வரிசையில் இருந்து வேலம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான்.

"வேலிய எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. எடுக்கச் சொல்லுற அதிகாரம் எனக்கு இல்ல. இந்தக் கூடத்துல இருக்கிற யாருக்கும் இன்னைக்கு அது இல்ல" என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றையும் சொன்னேன். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்று ஒவ்வொரு கட்சியும் முடிவுக்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கும். வாக்கே விழாத சாவடியில் யாரும் தோற்பதில்லை. தோற்காத இடத்தைப் பற்றி எவரும் கவலைப்பட மாட்டார்கள். நீங்கள் போடாமல் இருந்தால் உங்கள் கோபம் யாருடைய கணக்கிலும் வராது.

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. உண்மையைச் சொன்னால் கூட்டம் நெகிழ்ந்துபோகும் என்று நீங்கள் எங்காவது கேட்டிருந்தால், அது அந்த ஊர் இல்லை.

வேலம்மாள் எழுந்தார். "தெரியாதுன்னு சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீயளா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். ஊரும் அவர் பின்னால் போனது. கூடத்தில் நாங்கள் முன்வரிசைக்காரர்கள் மட்டும் இருந்தோம். அதிகாரி என்னிடமிருந்து மைக்கை வாங்கி, அது வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாலையில் செயலாளர் பேசினார். அவர் நிறையப் பேசினார்.

அதன் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. கொடி அப்படியே பறந்தது. கம்பெனியின் மேலாளர் ஒருவர் செல்வியைக் கூப்பிட்டு, அம்மாவிடம் எடுத்துச் சொல், இல்லாவிட்டால் வேலைக்குச் சிக்கல் வரும் என்று ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அம்மா பேச்சை மகள் கேட்க வேண்டுமா, மகள் பேச்சை அம்மா கேட்க வேண்டுமா, எது முறை என்று அவள் அவரையே திருப்பிக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொல்லவும் இல்லை. வேலம்மாளுக்கு வேறு யார் மூலமோ தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மறுபடியும் பேச்சு தொடங்கியது என்று பிறகு செல்வி என்னிடம் சொன்னாள். முதலில் சண்டைதான் போட்டார்களாம். அதுவும் பேச்சுதானே.

ஒரு காலை நேரம், வேலம்மாள் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வந்து எங்கள் அலுவலகப் படியேறினார். கூட செல்வியும் வந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதா வரவேற்பதா என்று யோசிப்பதற்குள் வேலம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாக் கட்சிக்காரனும் வேலிய எடுத்துருவோம்னு சொல்லுதான். ஒருத்தன் சொன்னா நம்பலாம். எல்லாவனும் சொன்னா எவனும் செய்ய மாட்டான். நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னீய. அப்ப யாருக்குத் தெரியும்னு பாப்போம், வாங்க."

மின்நிலையம் முழுவதும் போக வேண்டும் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். போனால் எங்கள் வேலை போகும் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்கக்கூடிய ஒன்று இருந்தால்தான் ஊர் ஒன்றாக நிற்கும். ஓடையைத் திறக்கச் சொல்வோம் என்றேன். வேலம்மாள், ஆட்டுப் பாதையையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். இரண்டு கேட்டால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், ஒன்றுதான் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். கீழே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வி அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஓடை ஊருக்கு. பாதை ஆடு வச்சிருக்கிற எங்க நாலு வீட்டுக்கு" என்றார் கடைசியில். "ஓடையவே கேப்போம்."

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று அங்கே இருந்த மூவருக்கும் தெரியும்.

ஊர் வேட்பாளர்களுக்குச் சொல்லி அனுப்பியது. மேடை கிடையாது. மாலை கிடையாது. வேலி ஓடையை மறிக்கும் இடத்துக்கு வந்து நில்லுங்கள். கேள்வி ஒன்றுதான்: வேலியைத் தாண்டி ஓடை வர என்ன செய்வீர்கள், அதை யார் மூலம் செய்வீர்கள்? எல்லா வேட்பாளர்களையும் ஒரேபோலக் கூப்பிட்டார்கள். நானும் அதைத்தான் செயலாளரிடம் சொன்னேன். நாம் மின்நிலையத்துக்கு எதிராகப் பேசவில்லை, ஓடைக்காகக் கேள்வி கேட்க ஊருக்குத் துணை நிற்கிறோம் என்றேன். அவர் நீண்ட மூச்சு ஒன்று விட்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். மின்நிலையத்தையே தூக்கிவிடுவோம் என்று தொடங்கினார். பிரியாணி கொண்டுவந்தவர் கைதட்டினார். வேலம்மாள், அவ்வளவையும் தூக்க வேண்டாம், ஓடைக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். வேட்பாளர் ஓடையைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. எங்கே இருக்கிறது என்று கேட்டார். நீங்கள் அதில்தான் நிற்கிறீர்கள் என்று ஊர் சொன்னது. குழு அமைத்து முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆளுங்கட்சி வேட்பாளர் வேனில் வந்தார். எந்தப் பிரச்சினையும் இல்லை, எல்லாம் சுமுகமாக முடியும் என்று பேசிக்கொண்டிருந்தபோது சாலையில் புழுதி எழுந்தது. வேலம்மாளின் ஆடுகளும் மற்ற வீட்டு ஆடுகளும் சேர்ந்து வந்தன. வேன், கட்சிக்காரர்கள், போலீஸ் ஜீப் எல்லாவற்றுக்கும் நடுவில் நுழைந்து நிதானமாகப் போயின. ஒலிபெருக்கியில் செம்மறிச் சத்தம்தான் கேட்டது. வேட்பாளரால் நகரவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஆடுகள் அந்த நேரத்துக்கு வந்தது தற்செயலா என்று நான் வேலம்மாளிடம் கேட்டதில்லை. கேட்கவும் போவதில்லை.

"இந்த ஆடெல்லாம் ஏன் ரோட்டு மேல வருது?" என்று வேட்பாளர் கேட்டார்.

"அது போற பாதையில வேலி நிக்கி. ஆட்டுக்கு ரோடு இருக்கு, சுத்திப் போயிரும். தண்ணிக்குச் சுத்திப் போவத் தெரியாதுல்லா" என்றார் வேலம்மாள்.

ஆடுகள் கடந்து முடியும்வரை வேறு வேலை இல்லாததால், வேட்பாளர் வேலிப் பக்கம் திரும்பினார். உள்ளே எஞ்சினியர் நின்றுகொண்டிருந்தார். பேச அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் வேட்பாளர் கம்பி வழியாக, இதில் என்னதான் சிரமம் என்று நேராகக் கேட்டார். எஞ்சினியர் ஒரு நிமிடம் செல்வி நின்ற பக்கம் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். வரிசையை நகர்த்துவது, பாலம் போடுவது, எந்தத் துறை ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனி அதைச் செய்யும் என்பது எல்லாவற்றையும் சொன்னார். இதைச் சொல்ல வேண்டியவரும் கேட்க வேண்டியவரும் அதுவரை சந்தித்ததே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

செய்தி அன்றைக்கே பரவியது. எதிர்க்கட்சி வேட்பாளர் திரும்ப வந்தார். இந்தத் தடவை ஓடை எங்கே என்று கேட்கவில்லை. அதே துறை, அதே பாலம், நாங்கள் இன்னும் சீக்கிரம் செய்வோம் என்றார். இரண்டு பேரும் ஊர் முன்னால் ஒரே வேலையை ஒப்புக்கொண்டார்கள். யார் வந்தாலும் ஓடை தப்பிக்கும் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கொடியை இறக்கினார்கள். ஃப்ளெக்ஸைக் கிழிக்கவில்லை, வைக்கோல் படப்புமேல் போர்த்தினார்கள். வாக்குப்பதிவு அன்று ஊர் திரண்டு போய்ப் போட்டது. யாருக்கு என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தவர் யார் என்பதும் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பாலம் சொன்னபடி சீக்கிரமாக வரவில்லை. வேலம்மாளும் தலைவரும் அலைந்தார்கள். இந்தத் தடவை தலைவர் கணவரை விட்டுவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒருவழியாக முடிந்தது. செல்வியின் வேலை போகவில்லை. எஞ்சினியரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அது தண்டனையா பதவி உயர்வா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. என்னைச் செயலாளர் கொஞ்ச காலம் சென்னை அலுவலகத்தில் உட்கார வைத்தார். அங்கே நான் வேறு ஊர்களுக்கு, கேட்டது கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயிற்சிப் பாடம் தயாரித்தேன். உங்களுக்கு இப்போது நடத்துகிற பாடம் அதுதான். அதில் நான் போட்ட முதல் வரியை மட்டும் சொல்கிறேன்: உங்கள் கையில் இல்லாததை மைக்கில் தராதீர்கள். அதற்காகக் கைதட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மழை விழுந்த பிறகு விடுப்பில் அந்த ஊருக்குப் போனேன். கலங்கல் தண்ணீர் பேனல்களுக்கு நடுவே வந்து, பாலத்துக்கு அடியில் நுழைந்து, வேலியைத் தாண்டிக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. குளக்கரையில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. வேலம்மாள் மட்டும் சாலையில் நின்றார். சாரலில் அவருடைய ஆடுகள் வேலியைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கம்பை நீட்டி ஆடுகளை ஓரமாக ஒதுக்கினார்.

பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் வந்துவிட்டதே என்றேன்.

"வந்துட்டு. ஊருக்குக் கேட்டாச்சு" என்றார். பிறகு ஆடுகளைப் பார்த்துக்கொண்டே, "இனி எனக்குக் கேக்கணும். அடுத்த எலெக்‌ஷன் எப்ப மேடம்?" என்றார்.